லூர்துமேரி டீச்சர் சொல்லாத ஆமா

லூர்துமேரி டீச்சர் இறந்துபோன செய்தி ஒரு புறாவோடு வந்தது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னசேலம் ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் ஒரு படம். வெள்ளைப் புறா, அதன் தலைக்கு மேல் சிலுவை, பிறை, குத்துவிளக்கு மூன்றும் ஒரே அளவில். யாருக்கும் மனம் கோணக் கூடாதல்லவா. அதற்குக் கீழே 'நல்லிணக்கப் புறா பறந்தது, அன்பே உருவான ஆசிரியை மறைந்தார்' என்று எழுதி, எங்கள் நகரத்து நல்லிணக்கக் குழுவின் தலைவர் தன் முகத்தை டீச்சர் முகத்தைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார். புதிதாக வந்தவர் யாராவது பார்த்தால் செத்தது அவர்தான் என்று நினைத்திருப்பார். இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சேலம் வண்டி வந்து போய்விட்டது.

அரை மணி நேரத்தில் தலைவரே கூப்பிட்டார். அவருக்கு இரண்டு அரிசி ஆலைகள். மீதி நேரத்துக்கு நல்லிணக்கம்.

"ஜாபர் சார், பொதன்கெழம நினைவேந்தல் வச்சிக்கீறோம். நீங்க ஒரு அஞ்சு நிமிசம் பேசணும். கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்."

"நான் வரலைங்க."

"வேற எதுனா வேல இருக்குதா?"

"வேலை ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அது அவருக்குப் புரியவில்லை. சாமியானா போடுகிறவர் பெயரை என்னிடம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அந்த ஐந்து நிமிடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன், சற்று நீளமாக. டீச்சரின் வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் புறாவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் அந்த 'அன்பே உருவான' என்பதை அடித்துவிடலாம். டீச்சர் அன்பே உருவானவர் அல்ல. அவருக்கு முட்டாள்களைக் கண்டால் ஆகாது, ஆகாது என்பதை மறைக்கவும் தெரியாது. வரலாற்று ஆசிரியை. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, எதிரே இருப்பவன் பேசி முடிக்கும்வரை இமைக்காமல் பார்க்கும் ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குப் பயந்தே எங்கள் ஆசிரியர் அறையில் பலர் பாதியில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் தமிழாசிரியன். பதினைந்து வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலி. அதில் பதினொரு வருடம் அவரைத் தவிர்ப்பதிலேயே போயிற்று.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு ஒழுகல். எங்களுடையது கத்தோலிக்க நிர்வாகப் பள்ளி. செவ்வாய்க்கிழமை எட்டாவது பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. மறைக்கல்வி டீச்சருக்கு. நன்னெறி, பள்ளியில் இருந்த ஒரே முஸ்லிம் ஆசிரியன் என்பதால், எனக்கு. பன்னிரண்டாவது வருடம் ஐப்பசியில் என் அறையின் கூரை ஒழுகியது. பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போய் டீச்சரின் அறையில் உட்கார வைத்தேன். அவர் மரியாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சிலிருந்து என் வகுப்புப் பையன் ஒருவன், "மர்யம் எங்களுக்கும் இருக்காங்க டீச்சர்" என்றான். உடனே முன் பெஞ்சில் ஸ்டெல்லா திரும்பினாள். கருணாபுரத்துப் பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "எங்க மாதாவ நீ ஏன்டா இழுக்கற?" என்றாள்.

அங்கேதான் நான் என் தொழிலைக் காட்டினேன். எழுந்து நின்று, எல்லா மதங்களும் ஒரே கடலில் கலக்கும் ஆறுகள் என்று ஆரம்பித்தேன். நன்னெறிக்கு நான் வைத்திருந்த ஸ்டாக் அதுதான். எந்த வகுப்புக்கும் பொருந்தும், யாருக்கும் எதுவும் ஆகாது.

டீச்சர் என்னை முடிக்க விட்டார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாம் ஒண்ணுன்னா அப்புறம் பேசிக்க இன்னா இருக்குது? வூட்டுக்குப் போங்க" என்றார். இரண்டு பிள்ளைகள் உண்மையாகவே பையை எடுத்தார்கள். "உக்காருங்க. ஒண்ணு இல்ல. அதான் பேசணும்."

அன்றைக்கே அவருடைய விதியும் பிறந்தது. உங்களுக்குத் தெரியும், ஆனாலும் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். இன்னொருவருடைய நம்பிக்கையைப் பற்றி நீ எது வேண்டுமானாலும் மறுத்துப் பேசலாம். ஆனால் அதற்கு முன் அவர் நம்புவது என்ன என்று உன் வாயால் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர் "ஆமா" என்று சொல்ல வேண்டும். அந்த ஆமா விழாதவரை மறுக்கும் உரிமை உனக்குக் கிடையாது. தெரியவில்லையென்றால் வீட்டில், கோயிலில், பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டு அடுத்த செவ்வாய் வா.

முதலில் மாட்டியது நான். "ஜாபர் சார், நாங்க மூவொரு கடவுள்னு சொல்றோமே, அது இன்னான்னு சொல்லுங்க."

"மூணு கடவுளைக் கும்பிடறீங்க" என்றேன்.

"இல்ல. ஒக்காருங்க."

அடுத்த வாரம் தயாராகப் போனேன். ஒரே கடவுள், மூன்று வேடம் என்றேன். "அது இல்ல சார். வேஷம்னா உள்ள ஒருத்தரு, வெளிய மூணு முகம். நாங்க அப்படி சொல்லல. நீங்க எங்களத் தோக்கடிக்க வசதியா ஒண்ணு செஞ்சிக்கினு வந்துகிறீங்க." ஐம்பது பிள்ளைகள் சிரித்தார்கள். எம்.ஏ., எம்.பில். படித்தவன், ஒன்பதாம் வகுப்பு முன்னால் ஃபெயில். மூன்றாவது செவ்வாயில் சொன்னேன்: கடவுள் ஒருவரே என்று அவர்களும் சொல்கிறார்கள். தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்கள், ஒருவர் மற்றவர் அல்ல, ஆனாலும் கடவுள் ஒன்றுதான். இது மனித அறிவுக்கு முழுதாகப் பிடிபடாது என்பதையும் ஒப்புக்கொண்டே நம்புகிறார்கள். டீச்சர் இரண்டு கையையும் மேசையில் வைத்து, "ஆமா. அதான். இப்போ மறுத்துப் பேசுங்க" என்றார். மணி அடிக்கும்வரை மறுத்தேன். அவரும் விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை.

அவர் முறை வந்தபோது, "நீங்க முகமது நபியைக் கும்பிடறீங்க" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே என் பக்கத்துப் பெஞ்சுகள் எல்லாம் "இல்ல டீச்சர்" என்றன. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருடமாக மறைக்கல்வி எடுப்பவர், அதுவரை ஒரு முஸ்லிமிடம் அதைக் கேட்டதே இல்லையாம். மறு வாரம் சரியாகச் சொல்லி ஆமா வாங்கினார், ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடமிருந்து.

பண்டிகை விருந்துகள் அவர் வகுப்புக்கு ஆகாது. கிறிஸ்துமஸ் கேக்கையும் ரம்ஜான் பிரியாணியையும் மாற்றிக்கொள்வது உரையாடல் அல்ல, சாப்பாடு என்பார். "பண்டிக அன்னிக்கு யார் வூட்டுக்கு வேணா போவலாம். அன்னிக்கு எல்லாரும் நல்லவங்கதான். சும்மா ஒரு செவ்வாக்கெழம போயி பாருங்க" என்று பிள்ளைகளை அனுப்புவார். கூரை சரியான பிறகும் இந்த வகுப்பு சேர்ந்தே நான்கு வருடம் நடந்தது. இந்த ஊரில் இந்த விஷயத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை.

பிறகு நல்லிணக்கக் குழுவுக்கு எங்கள் மேல் கண் விழுந்தது. இப்படி ஒரு வகுப்பு நடக்கும் பள்ளியில் ஒரு நல்லிணக்க விருந்து நடத்தாவிட்டால் எப்படி? தலைவர் தாளாளர் ஃபாதரைப் பார்த்தார், ஃபாதர் என்னைப் பார்த்தார், நான் அழைப்பிதழ் எழுதினேன். எனக்கு அடுக்குமொழி வரும் என்று பெயர். சிறப்பு விருந்தினர் முதலில் புதன்கிழமை இரவு தந்தார், கடைசி நேரத்தில் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மாற்றினார். சிக்கன் பிரியாணிக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மாற்றிய தேதியைப் போட்டு நான்தான் சுற்றறிக்கை எழுதி ஆசிரியர்களிடம் கையெழுத்துக்கு அனுப்பினேன். டீச்சரிடமிருந்து திரும்பி வந்தபோது, 'சிக்கன் பிரியாணி' என்ற இடத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒன்று எழுதியிருந்தார்: 'யார் சாப்பிட?'

எனக்குச் சிரிப்பு வந்தது. குசும்பு என்று நினைத்துக்கொண்டு தாளை மடித்து வைத்தேன்.

அந்த வருடம் தவக்காலமும் ரமலானும் ஒன்றாக வந்திருந்தன. தவக்கால வெள்ளியில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொட மாட்டார்கள். ரமலான் பகலில் முஸ்லிம்கள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஜும்ஆ தொழுகை, எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். இரண்டு சமூகத்துக்கும் சேர்த்து விருந்து வைக்க, வருடத்தின் அத்தனை நாட்களிலும் தேடி, இரண்டு பேருமே சாப்பிட முடியாத ஒரு மணி நேரத்தைப் பிடித்திருந்தோம். இதில் ஒரு பாதிரியாரும், ஐந்து வேளை தொழுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தமிழாசிரியனும் கூட்டு. ஃபாதருக்கு அன்று காலைதான் ஞாபகம் வந்தது. அதற்குள் பிரியாணி தேக்சாக்கள் வந்து இறங்கிவிட்டன.

ஜமாத்தார்கள் இரண்டரை மணிக்குத் தொழுகை முடித்து வந்து வெறும் கையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். தேவாலயத்துப் பங்குப் பேரவைக்காரர்கள் ஊறுகாய் மட்டும் வைத்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவரும் சிறப்பு விருந்தினரும் அவர்களுடைய ஆட்களும் சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். நான் ஜும்ஆவை விட்டுவிட்டு, நோன்பு வாயோடு மைக்கைப் பிடித்து நல்லிணக்கத்தைத் தொகுத்து வழங்கினேன். போட்டோகிராபர் ஒரு தட்டில் பிரியாணியை வைத்து, ஃபாதர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தலைவர் நடுவில் பிடிக்கச் சொன்னார். பிடித்தோம். மறுநாள் பேப்பரில் வந்தது. டீச்சர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தட்ட ஏன் சார் வாங்கினீங்க?"

பேப்பரை மடித்து வைத்துவிட்டு நகர்ந்தேன். எனக்கு அதற்குள் வேறு பயம் வந்துவிட்டது. நோன்பு மாதத்தில், ஜும்ஆ நேரத்தில், கையில் பிரியாணித் தட்டு. பள்ளிவாசல் வாசலில் ஒரு பெரியவர் தோளில் கை போட்டு, "இன்னா வாத்தியாரே, நோம்பு எப்படிப் போய்க்கினு இருக்குது?" என்றார். கூடவே, "அந்த டீச்சரம்மாகூட சேந்துக்கினு புள்ளைங்களுக்கு மூணு சாமி சொல்லிக் குடுக்கறியாமே" என்றார். பங்கு மக்களிடமும் பேச்சு கிளம்பியது, நம் பிள்ளைகளுக்கு நோன்பு கற்றுக்கொடுக்கிறார்கள் என்று. ஒரே வாரத்தில் தாளாளரிடம் இரண்டு புகார் மனுக்கள் வந்தன. இரண்டும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே கடையில் டைப் செய்தவை. 'எங்கள் பிள்ளைகளைக் குழப்பி மதம் மாற்றும் நோக்கத்தோடு' என்ற வரி இரண்டிலும் அப்படியே இருந்தது. கடைக்காரர் ஒன்றில் அடித்ததை மற்றதிலும் போட்டிருக்க வேண்டும். இந்த இரு சமூகங்களும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்கவில்லை.

ஃபாதர் எங்கள் இருவரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார். டீச்சர் ஒரு வரி எழுதினார்: 'நாங்கள் என்ன கற்பித்தோம் என்று மாணவர்களைக் கேளுங்கள்.' யாரும் கேட்கவில்லை. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'அவ்வகுப்பில் எல்லா மதங்களும் ஒன்றே என்னும் உயரிய கருத்தை மட்டுமே நாங்கள் இருவரும் கற்பித்தோம்' என்று அதில் ஒரு வாக்கியம். இனி அந்த வகுப்பில் பங்கேற்க மாட்டேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஃபாதருக்கு மெத்தத் திருப்தி. வகுப்பு நின்றது. ஜூன் மாதம் டீச்சரைக் கல்வராயன் மலையில் இருக்கும் நிர்வாகத்தின் சிறிய பள்ளிக்கு அனுப்பினார்கள், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில். எனக்கு நல்லிணக்கக் குழு 'நல்லிணக்கச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தது. வாங்கிக்கொண்டேன். வாங்குவதில் எனக்கு நல்ல பழக்கம்.

போன தை மாதம்தான் மலைக்குப் போனேன். அதுவரை போகாததற்கு முழங்கால் வலி என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, இறங்கி, இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். அங்கே முஸ்லிம் கிடையாது, கத்தோலிக்கர் விரல் விட்டு எண்ணும் அளவு. எல்லாம் மலைவாழ் மக்களின் பிள்ளைகள். நான் போனபோது டீச்சர் அந்தப் பிள்ளைகளின் ஊர்ச் சாமியைப் பற்றி அவர்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் "இல்ல, இல்ல" என்று கூச்சல் போட்டார்கள். "இன்னும் ஆமா வரல சார். ஏழு மாசமா" என்றார் என்னிடம். இளைத்திருந்தார். மாத்திரை டப்பா ஒன்று மேசையில் இருந்தது.

சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தேன். "டீச்சர், என்னை மன்னிச்சிருங்க."

"அது அப்புறம். நா ஒங்க மேல இன்னாத்துக்குக் கோவமா இருக்கேன், சொல்லுங்க. நா ஆமான்னு சொல்லணும். அப்புறம் மன்னிப்பு கேளுங்க."

விளையாட்டு என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"நான் பயந்துட்டேன். அதுக்கு" என்றேன்.

"அது இல்ல. பயம் எனக்குந்தான் இருந்துச்சி."

"உங்களைத் தனியா விட்டுட்டேன்."

"இல்ல சார். தனியா இருக்கறது எனக்குப் பழக்கந்தான்."

"உங்களை மலைக்கு அனுப்பினப்ப நான் வாயே திறக்கல."

"இந்த எடம் நல்லாத்தான் கீது. அதுவும் இல்ல." டிபன் பாக்ஸை மூடினார். "வூட்டுக்குப் போயி யோசிங்க. அடுத்த தபா சொல்லுங்க."

கோபமாகத்தான் இறங்கினேன். ஒரு மனுஷன் ஐம்பத்தாறு வயதில், அவ்வளவு தூரம் ஏறிப்போய் மன்னிப்புக் கேட்கிறான், அவனுக்குப் பரீட்சை வைக்கிறார் இந்த அம்மா என்று பஸ் முழுக்கப் பொருமினேன். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? அடுத்த தடவை போகவில்லை. பரீட்சைத்தாள் திருத்தம் வந்தது, மகள் கல்யாணம் வந்தது. பிறகு புறா வந்தது. மாரடைப்பு. பூசைக்குக் கிளம்பியவர் வாசலிலேயே சாய்ந்துவிட்டாராம்.

அடக்கம் நைனார்பாளையம் பக்கத்தில், அவர் தம்பியின் ஊரில். நல்லிணக்கக் குழு பேனரோடு வந்து, படம் எடுத்து, மண் போடும் முன் கிளம்பிவிட்டது. எல்லாரும் கலைந்த பிறகு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்டெல்லா. சேலத்தில் நர்சிங் முதல் வருடம் படிக்கிறாளாம்.

"சார், டீச்சர் ஒங்க மேல கோவமா இருந்தாங்கன்னு சொல்றாங்களே. எதுக்கு சார்?"

அவள் அப்படி நேராகக் கேட்டதும், அத்தனை மாதம் வராத பதில் வந்தது. "ஒரு லெட்டர் எழுதினேம்மா. நாங்க அந்த வகுப்புல என்ன சொல்லிக்கொடுத்தோம்னு ஃபாதர் கேட்டார். எல்லா மதமும் ஒண்ணுன்னு சொல்லிக்கொடுத்தோம்னு எழுதினேன். டீச்சர் பேரையும் சேர்த்து."

"டீச்சர் அப்படி சொல்லவே இல்லியே சார்."

"இல்ல. அடுத்தவங்க சொல்றத அவங்க ஒத்துக்கற மாதிரி சொல்லணும்னு நாலு வருஷம் கத்துக்கொடுத்தாங்க. நான் அவங்களையே அவங்க ஒத்துக்காத மாதிரி எழுதிக் கொடுத்தேன். விட்டுட்டு ஓடியிருந்தா மன்னிச்சிருப்பாங்க. ஓடும்போது அவங்கள இன்னொருத்தரா மாத்திட்டு ஓடினேன்."

ஸ்டெல்லா மண்மேட்டில் சரிந்திருந்த மாலையை நேராக வைத்தாள். பிறகு, "கரெக்டாத்தான் சார் இருக்குது" என்றாள். "ஆனா நா ஆமா சொல்ல முடியாதில்ல. அவங்கதான சொல்லணும்."

"ஆமாம்மா" என்றேன்.

இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்று தாளாளருக்கும், ஒன்று ஜமாத்துக்கும், ஒன்று பங்குப் பேரவைக்கும் போகிறது. அவர்களுக்காக ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் கொடுத்த விளக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன். அந்த வகுப்பில் எல்லா மதங்களும் ஒன்றே என்று லூர்துமேரி டீச்சர் ஒருநாளும் கற்பிக்கவில்லை. நீங்கள் வேறு, நாங்கள் வேறு, அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்று கற்பித்தார். யாரையும் மாற்றவில்லை. என்னை மாற்றப் பார்த்தார், அதற்கே மூன்று செவ்வாய்க்கிழமை போதவில்லை. இதற்காக என்னை எங்கே அனுப்புவதாக இருந்தாலும் அனுப்பலாம், எனக்கும் மலை ஒத்துக்கொள்ளும்.

மாணவர்களே, டீச்சரிடமிருந்து என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பதில் வைத்திருக்கிறேன். சரியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மலைக்கு இன்னொரு தடவை ஏறியிருந்தால் தெரிந்திருக்கும்.